தோற்க வேண்டிய அணி

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் நான் பெண்ணுரிமைப் போராளி. பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் வைத்து ஞானதுரை என்னை நியமித்தான். பஜ்ஜி அவன் செலவு.

ஞானதுரை என்னோடு பள்ளியில் படித்தவன். கணக்கில் என்னைவிடப் பின்தங்கியவன் என்பதால் வாழ்க்கையில் முன்னேறிவிட்டான். 'புதுவிடியல்' என்ற தொண்டு நிறுவனத்துக்கு இயக்குநர். கோவில்பட்டி வட்டாரத்தில் இப்படி ஐந்து நிறுவனங்கள் இருக்கின்றன: இரண்டு விடியல், இரண்டு சுடர், ஒரு தளிர். ஐந்தும் ஒன்றுசேர்ந்து பாலினச் சமத்துவத்துக்காகக் கூட்டமைப்பு தொடங்கினால் ஆதரிப்போம் என்று சென்னையில் ஓர் அறக்கட்டளை சொல்லியிருக்கிறது. இதுவரை ஒருவர் நிழல் ஒருவர் மேல் படாமல் நடந்த ஐந்து இயக்குநர்களும் ஒரே வாரத்தில் உடன்பிறவாச் சகோதரர்கள் ஆகிவிட்டார்கள்.

என் வேலை, அந்த நிறுவனங்களில் களப்பணி செய்யும் பெண்களுக்கு மேடைப் பேச்சு சொல்லிக்கொடுப்பது.

"ஏலே ஞானம், பெண்ணுரிமைக்கும் எனக்கும் என்னலே சம்பந்தம்?"

"இருவது வருசமா பொம்பளையளப் பத்தி மட்டுமே பேசுனவன் இந்த ஊர்ல வேற யாருலே இருக்கான்?"

நியாயம்தான். நான் பட்டிமன்றப் பேச்சாளன். 'குடும்ப நிம்மதியைக் கெடுப்பது கணவனா மனைவியா' என்ற தலைப்பில் இந்த மாவட்டத்தில் நான் ஏறாத கோயில் கொடைத் திருவிழா மேடை இல்லை. என் மனைவி உலகம்மாள் பெயரைச் சொன்னாலே கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிடும். அவள் பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு என்னைத் துரத்திய கதைகள் அத்தனை பிரபலம். எங்கள் வீட்டில் பூரிக்கட்டையே கிடையாது. பாட்டிலை வைத்துத்தான் உருட்டுவாள். ஆனால் பாட்டில் என்றால் ஜனங்கள் வேறு மாதிரி நினைப்பார்கள்.

உலகு ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்குப் போனாள். தங்கை மகளுக்குக் காது குத்து. நாலு நாளில் வந்துவிடுவாள்.

ஜூன் 7, சனி

முதல் வகுப்பு. இடம் புதுவிடியல் மாடி. 'சமத்துவமே எம் மூச்சு' என்ற பேனருக்குக் கீழே, மின்விசிறிக்கு நேராக, ஐந்து இயக்குநர்களும் நாற்காலியில். காற்று போய்ச் சேராத கடைசியில், ஜமுக்காளத்தில் களப்பணிப் பெண்கள். டீ வந்ததும் பெண்கள் எழுந்து ஊற்றிக்கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்து சமத்துவத்தைக் கவனித்தார்கள்.

எழுந்து நின்று பெயரும் வேலையும் சொல்லுங்கள் என்றேன். முதல் நாலு பேர் பெயரைச் சொல்லிவிட்டு, "டைரக்டர் சார் போகச் சொன்னாங்க" என்று உட்கார்ந்தார்கள். ஐந்தாவதாக எழுந்தவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக எழுந்தாள். ஆறு மாத வயிறு.

"ஜெபக்கனி. புதுவிடியல்ல அஞ்சு வருசமா களப்பணியாளர். தீப்பெட்டி ஆபீசு, மில்லு ரெண்டுலயும் மாசமா இருக்க பொம்பளையள வேலைய விட்டு நிறுத்துறாங்களான்னு வீடு வீடாப் போயி விசாரிச்சது நாந்தான்."

"நிறுத்துறாங்களாம்மா?"

"நிறுத்த மாட்டாங்க அண்ணாச்சி. 'ஓய்வெடும்மா'ம்பாங்க. புள்ள பெத்துட்டுத் திரும்பிப் போனா அந்த எடத்துல வேற ஆளு உக்காந்திருக்கும்."

சுருக்கென்று பேசுகிறாள். பயிற்சி தேவைப்படாத ஒரே மாணவி. அடுத்த மாதத் தொடக்க விழாவில் இவளைத்தான் முக்கியமாகப் பேசவைக்க வேண்டும் என்று ஞானதுரையிடம் சொன்னேன். அவனும் பெருமையாகத் தலையாட்டினான்.

வகுப்பு முடிந்ததும் அவள் அருகில் வந்தாள்.

"அண்ணாச்சி, சித்திரைக் கொடையில உங்க பேச்சு கேட்டேன். அந்த ஆபரேசன் ஜோக்கு."

போன ஏப்ரலில் உலகுவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். அதை வைத்துப் புதிதாக ஒன்று கட்டியிருந்தேன். நல்ல வரவேற்பு. முன்வரிசையில் உலகுவே உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நல்லாருந்துச்சா?" என்றேன்.

"எங்கம்மா விழுந்து விழுந்து சிரிச்சா."

"நீ?"

"நான் ஒங்க வீட்டம்மாவப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

ரசம் வைத்தேன். குடித்த பிறகுதான் அது ரசம் இல்லை என்று தெரிந்தது. என்னவென்று இன்னும் தெரியவில்லை.

ஜூன் 14, சனி

இன்று ஒரு வரலாற்று நிகழ்வு. கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளராக ஒரு பெண்தான் இருக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. ஐந்து இயக்குநர்களும் கண்ணை மூடி, இந்த வட்டாரத்தில் தகுதி வாய்ந்த பெண்மணி யார் என்று ஆழ்ந்து யோசித்தார்கள். கண்ணைத் திறந்தபோது ஐந்து பேருக்கும் அவரவர் மனைவி ஞாபகம் வந்திருந்தது.

ஜமுக்காளத்தில் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பெண்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊழியர்கள்.

ஒரு மணி நேரச் சச்சரவுக்குப் பின், ஐந்து மனைவியரிலும் குறைவாகப் பேசுபவர் ஞானதுரையின் மனைவி சுகிர்தாதான் என்று ஏகமனதாக முடிவானது. அவர் கீழ்வீட்டில் எங்களுக்காக உளுந்த வடை சுட்டுக்கொண்டிருந்தார். மேலே கூட்டி வந்தார்கள். விரலில் மாவு. இனி இந்தக் கூட்டமைப்பில் நியமனம், விடுப்பு, கடிதம் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் செல்லும் என்று ஞானதுரை விளக்கினான்.

"எங்க போடணும்?" என்றார் சுகிர்தா.

போட்டுவிட்டு வடையைப் பார்க்கப் போய்விட்டார். அதிகாரம் கைமாறிய வேகத்தில் எண்ணெய்கூட ஆறியிருக்காது.

ஜூன் 17, செவ்வாய்

கொழுந்தியாள் செண்பகம் போன் செய்தாள். "அத்தான், அக்காவுக்கு இங்க தண்ணி ஒத்துக்கிடுது. கொஞ்ச நாள் இருக்கட்டும்." தென்காசித் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். அக்காவிடம் போனைக் கொடு என்றேன். குளிக்கிறாளாம். போன வாரமும் குளித்துக்கொண்டுதான் இருந்தாள். நல்ல தண்ணீர்.

ஜூன் 22, ஞாயிறு

தொடக்க விழாவில் பட்டிமன்றம் வைப்பது என்று இயக்குநர்கள் தீர்மானித்தார்கள். கருத்தரங்கு என்றால் கூட்டம் வராது, பட்டிமன்றம் என்றால் மூன்று ஊர்க்காரன் வருவான். தலைப்பு: 'சமத்துவம் முதலில் மலர வேண்டியது வீட்டிலா? வேலையிடத்திலா?' நடுவர் அடியேன்.

"வீடுன்னு நாங்க அஞ்சு பேரும் பேசுறோம். வேலையிடம்னு பொம்பளைய பேசட்டும். தீர்ப்பு வீடு" என்றான் ஞானதுரை.

"ஏன் வீடு?"

"வீடுன்னு சொன்னா ஒருத்தனுக்கும் கோவம் வராதுலே. முன்வரிசையில மில்லு மொதலாளிமாரு உக்காந்திருப்பாங்க. வேலையிடம்னு தீர்ப்புச் சொன்னா மூஞ்சி சுருங்கிரும்லா."

பட்டிமன்றத்தில் தீர்ப்பு என்பது நடுவர் வர ஒப்புக்கொள்ளும் அன்றே முடிவாகிவிடும். பேச்சாளர்கள் தொண்டை கிழிய வாதாடுவது, கல்யாண வீட்டில் தாலி கட்டி முடித்த பிறகு நாதஸ்வரக்காரர் வாசிப்பது மாதிரி. ஆகவே ஒப்புக்கொண்டேன். பெண்கள், தோற்க வேண்டிய அணி. அவர்களை நன்றாகத் தோற்கப் பழக்குவது என் பொறுப்பு.

ஜூலை 1, செவ்வாய்

மதியம் ஜெபக்கனி வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தும் பார்க்காதது மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புதுவிடியலில் எல்லோருக்கும் பதினோரு மாத ஒப்பந்தம். பிறகு ஒரு நாள் இடைவெளி விட்டுப் புது ஒப்பந்தம். ஐந்து வருடமாக அப்படித்தான். நேற்றோடு ஒப்பந்தம் முடிந்தது. இன்று புதுப்பிக்கப் போனவளிடம் ஞானதுரை சொல்லியிருக்கிறான்: "நீ ஓய்வெடும்மா."

"அதே வார்த்த அண்ணாச்சி. மில்லு மேஸ்திரி சொல்லுவான் பாருங்க, அதே வார்த்த, அதே மொகம். நான் எத்தன வீட்டுல கேட்டு எழுதியிருக்கேன்! என் காதுல விழும்போது மட்டும் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு."

அவளுடைய இடத்தில் புனிதா என்று ஒரு பெண்ணைப் போட்டாகிவிட்டதாம். ஜெபக்கனியின் புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். சரக்கு இருந்தால்தான் வருமானம்.

"சம்பளத்தோட லீவு சட்டத்துல உள்ளதுதான், அதக் கேக்கேன். அதவிட முக்கியம், திரும்பி வந்தா என் எடம் இருக்கணும். இந்த வேலை போச்சுன்னா நானும் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் போகணும். அங்க போனா என்னையே யாராச்சும் வந்து விசாரிச்சு எழுதிக்கிடுவாங்க."

"நான் பேசிப் பாக்கேம்மா" என்றேன்.

"பேசுறதுதானே அண்ணாச்சி ஒங்க தொழிலு."

பேசினேன். ஞானதுரை கோபப்படவில்லை, வருத்தப்பட்டான்; அது இன்னும் மோசம்.

"ஆறு மாசம் அவளுக்கும் சம்பளம், அவ வேலையப் பாக்கவளுக்கும் சம்பளம்னா எங்கலே போவேன்? சென்னைக்காரங்க குடுத்த திட்டத்துல பேறுகாலம்னு ஒரு தலைப்பே இல்ல."

"கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா இத்தன வருசமா நாம குடுக்கலன்னு தெரிஞ்சு போகும்லா!"

கிளம்பும்போது, ஜெபக்கனி எழுதி வைத்திருந்த பேச்சைப் புனிதாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடு என்றான். சரி என்றேன். நான் ஒரு மைக். மைக்குக்குச் சொந்தக் கருத்து கிடையாது. யார் வாய் வைத்தாலும் சத்தம் வரும்.

ஜூலை 5, சனி

வெயில். துவைத்தேன். வெள்ளை வேட்டிகள் இப்போது எல்லாம் ஒரே நிறம், ஆனால் அது வெள்ளை இல்லை.

செண்பகத்துக்கு ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாளாம். இரண்டாம் ஆண்டாம். ஜிமிக்கி போட்டு எடுத்த படம் வாட்ஸ்அப்பில் வந்தது. நேற்றுப் பிறந்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 12, சனி

புனிதாவுக்குப் பயிற்சி. இருபத்திரண்டு வயது, நல்ல குரல். ஜெபக்கனியின் பேச்சை மளமளவென்று ஒப்பித்தாள். 'நான் நேரில் பார்த்தேன்' என்று ஓர் இடம் வரும். அங்கே வந்ததும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறாள்.

"நான் பாக்கலையே சார்."

"மேடையில பாத்தது, பாக்காதது எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒங்களுக்கு அப்படியா சார்?"

மரியாதையாகத்தான் கேட்டாள். சில பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டே ஆளை உட்காரவைத்துவிடுவார்கள்.

மற்ற பெண்களுக்கு வேறு சந்தேகம். வேலையிடத்தைப் பற்றி என்ன பேசுவது? மில்லுக்குள் இவர்களை யாரும் விட்டதில்லை. வாசலில் நின்று விசாரித்ததோடு சரி. நான் பட்டிமன்றத்தின் பாலபாடத்தைச் சொன்னேன்: "சொந்த அனுபவத்தப் பேசுங்க. அடுத்தவன் கதைக்குக் கைதட்டு விழாது. நீங்க தினம் போற எடம், நீங்க பாக்குற வேலை, அதச் சொல்லுங்க."

ஜமுக்காளத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுடர் நிறுவனத்து வேலம்மாள், வயதில் மூத்தவர், "நாங்க தினம் போற எடமா சார்?" என்று இன்னொரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஆமாம் என்றேன். தொழில் பழக்கம். வேறு எதுவும் நினைத்துச் சொல்லவில்லை. நினைத்தேனா என்று ஞானதுரை கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டிக்கொள்ளலாம்.

ஜூலை 20, ஞாயிறு

இயக்குநர்களுக்கும் ஒத்திகை. ஐந்து பேரும் அவரவர் வீட்டில் செய்யும் உதவிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். தளிர் இயக்குநர், தான் வாரம் ஒருமுறை காபி போடுவதாக மூன்று பக்கம் எழுதியிருந்தார்.

பெண்களின் பேச்சைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. தோற்கப்போகும் அணிக்கு எதற்கு ஒத்திகை?

ஜூலை 27, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மில் முதலாளிகள், பக்கத்தில் சென்னை அறக்கட்டளையிலிருந்து தாரிணி என்ற மேடம். ஒருங்கிணைப்பாளர் சுகிர்தாவுக்கு மேடையில் சிம்மாசன நாற்காலி. பட்டுப்புடவையில் அலங்காரமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு வலது புறம் வீட்டு அணி, இடது புறம் வேலையிடத்து அணி, கைக்கு எட்டும் தூரத்தில் மணி. மூன்றாவது வரிசை ஓரத்தில் ஜெபக்கனி, அழைப்பில்லாமல் வந்திருந்தாள்.

ஞானதுரை தொடங்கினான். "சமத்துவம் வீட்டில்தான் பிறக்கிறது! என் இல்லத்தில் காய் நறுக்குவது நான்!" என்று முழங்கினான். சுகிர்தா அவனைத் திரும்பிப் பார்த்தார், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பது மாதிரி.

பிறகு வேலம்மாள் எழுந்தார்.

"நடுவர் சார் சொந்த அனுபவத்தப் பேசச் சொன்னாங்க. எங்க ஆபீசுல ஒரே ஒரு கக்கூசு. அதோட சாவி டைரக்டர் சார் மேசை டிராயருல இருக்கும். ஒவ்வொரு தடவையும் போயி, 'சார், சாவி'ன்னு கேக்கணும். பதினோரு வருசமாக் கேக்கேன். வேலையிடத்துல சமத்துவம் எப்ப வரும்னா, அந்தச் சாவிய ஆணியில மாட்டுற அன்னைக்கு வரும்."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பெண்கள் பகுதியில் சிரிப்பு கொஞ்சம் நேரம் கழித்துத்தான் நின்றது. சுடர் இயக்குநர் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முயன்றார், மூடி வரவில்லை. அந்த நொடியில்தான் வீட்டு அணிக்கு விஷயம் புரிந்தது. வேலையிடம் என்றால் மில் என்று அவர்களாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண்களுக்கு வேலையிடம், இவர்களேதான்.

ஞானதுரை மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். அவனுடைய ஷூ புதியது.

அடுத்தது புனிதா. மைக்கைப் பிடித்தாள். அருமையாகத் தொடங்கினாள். 'நான் நேரில் பார்த்தேன்' வந்தது. நின்றாள்.

"ஐயா, இது எனக்கு எழுதுன பேச்சு இல்ல. இதப் பாத்தவங்க, எழுதுனவங்க, மூணாவது வரிசையில இருக்காங்க. அவங்க உக்காந்திருந்த நாக்காலியிலதான் நான் இப்ப உக்காந்திருக்கேன். எனக்கு அது சூடாவே இருக்கு. என் நேரத்த அவங்களுக்குக் குடுக்கேன். நடுவர் அனுமதிக்கணும்."

பட்டிமன்றத்தில் நடுவர் அனுமதி இல்லாமல் பேச்சாளர் மாறக்கூடாது. மண்டபமே என்னைப் பார்த்தது. என் கால் மேல் இப்போது இரண்டு ஷூ. தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதில் பிற்பாடு ஞானதுரைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வந்தது. ஆனால் அதற்குள் ஜெபக்கனி படியேறிவிட்டாள்.

எட்டு மாத வயிறு. நிற்க முடியவில்லை, நாற்காலி போட்டார்கள்.

"அஞ்சு வருசத்துல மாசமா இருந்த பொம்பளைய நூத்துக்கணக்குல பாத்து எழுதியிருக்கேன். ஒருத்தரையும் வெரட்டல. எல்லாரையும் ஓய்வெடுக்கத்தான் சொல்லியிருக்காங்க. அந்த விசாரணைய வச்சுத்தான் இந்தக் கூட்டமைப்பே வந்துச்சு. இந்த மாசம் ஒண்ணாந்தேதி என் ஆபீசுல என்னையும் ஓய்வெடுக்கச் சொன்னாங்க. நான் வீட்டுக்குப் போயி, ஒரு புதுத் தாள எடுத்து, மத்தவங்களுக்கு எழுதுன மாதிரியே எழுதுனேன். பேரு, ஜெபக்கனி. வேலையிடம், புதுவிடியல். திரும்ப வேலை கிடைக்குமாங்குற எடத்துல மட்டும் ஒண்ணும் எழுதல. அத இங்க யாராச்சும் சொல்லட்டும்னு வந்தேன்."

நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மணி என் பக்கத்திலேயே இருந்தது. அதை நான் மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

தீர்ப்பு. பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "அண்ணாச்சி, உலகம்மா மதினிய எடுத்து விடுங்க! அந்த ஆபரேசன் ஜோக்கு!" ஜனம் முன்கூட்டியே சிரித்தது. நானும் வாயைத் திறந்தேன். அது வரவில்லை. இருபது வருடத்தில் மேடையில் எனக்குச் சொல் வராதது இதுதான் முதல் தடவை. ஆகவே வேறு வழியில்லாமல் தீர்ப்பைச் சொன்னேன்.

"வேலையிடத்தில்தான். அதிலும் முதலில், சமத்துவத்தைப் பற்றிப் பேசுகிறவர்களின் வேலையிடத்தில். ஜெபக்கனிக்குச் சம்பளத்தோடு விடுப்பு, திரும்பி வந்தால் அதே இடம். நடுவர் தீர்ப்பு இறுதியானது."

கைதட்டல் ஓய்வதற்குள் ஞானதுரை மைக்கைப் பிடுங்கினான். அவனும் கைதேர்ந்தவன், சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"தீர்ப்புச் சொல்றது லேசு நடுவரே! ஆறு மாசம் அந்த வேலைய யாரு பாக்குறதாம்? சம்பளமில்லாம ஒங்க தாத்தாவா வருவாரு? நீங்க பாக்கீகளா?"

ஒரே சிரிப்பு. இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. மேடையில் எவன் எதைச் சொன்னாலும் பதிலடி கொடுக்காமல் விட்டதில்லை நான். மூளை யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொள்ளும்.

"பாக்கேன்" என்றேன்.

கூரை பிய்ந்துபோகும்படி கைதட்டினார்கள். நகைச்சுவை என்று நினைத்துத்தான் தட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தாரிணி மேடம் எழுந்து, "நல்லது. இதுக்கு ஒருங்கிணைப்பாளர் என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அவ என்ன சொல்வா மேடம், நாங்க உக்காந்து பேசி..." என்று ஞானதுரை ஆரம்பித்தான்.

"என்னையத்தான கேட்டாங்க" என்றார் சுகிர்தா.

மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஞானதுரை வாயை மூடி நான் பார்த்ததில்லை. அப்போதுதான் முதல் தடவையாக அவன் பல்வரிசை வெளியே தெரியாமல் போனது.

சுகிர்தா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தார். விழா அழைப்பிதழ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, தீர்ப்பை அதில் எழுதச் சொன்னார். ஜெபக்கனியே எழுதினாள். சுகிர்தா ஒரு தடவை முழுதாக வாசித்தார்.

"எங்க போடணும்?" என்றார்.

ஜூலை 28, திங்கள்

ஞானதுரை போனை எடுக்கவில்லை. மாலையில் ஒரு செய்தி மட்டும் அனுப்பினான்: "கால் வீக்கம் எப்படி இருக்கு? நல்லா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிடுதேன்."

ஜெபக்கனிக்கு முறையான கடிதம் வந்துவிட்டது. புனிதாவைச் சுடருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இப்போது ஆணியில் சாவி தொங்குகிறதாம். சுகிர்தா காலையில் மாடி ஏறி வந்து அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்க வேண்டுமாம். கூட்டங்களுக்கு இனி வடை கடையில்தான்.

எனக்குப் பாராட்டுக் கடிதம் எதுவும் வரவில்லை. ஒரு தோள்பையும் விசாரணைத் தாள்களும் வந்தன.

ஆகஸ்ட் 4, திங்கள்

களப்பணியில் முதல் நாள். ஜெபக்கனி வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு போனில் என்னை மேய்க்கிறாள்.

"அண்ணாச்சி, வாசல்ல நின்னு கையத் தட்டாதீங்க, பால்காரருன்னு நெனப்பாங்க."

"சரிம்மா."

"உள்ள போனதும் ஜோக்கு சொல்லாதீங்க. அவுங்க சொல்லட்டும், நீங்க கேளுங்க."

"கேட்டா மட்டும் போதுமா?"

"அது ஒங்களால முடியுமான்னு மொதல்ல பாப்போம்."

காலனியில் முதல் வீட்டில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு, பக்கத்து வீட்டாரையெல்லாம் கூட்டிவிட்டாள். பூரிக்கட்டைக் கதை சொல்லச் சொன்னார்கள். வேலையாக வந்திருக்கிறேன் என்றேன். என்ன வேலை என்றார்கள். சொன்னேன். அதற்குத்தான் உண்மையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மதியம் நாக்கு வறண்டது. சட்டை உப்புப் பூத்துவிட்டது. மூன்று வீட்டில் புருஷன்மார்கள் மனைவிக்குப் பதில் தாங்களே பதில் சொன்னார்கள். எனக்கு அவர்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடிக் கொடைக்குப் பேச அழைத்தார்கள், பழைய தலைப்பு. நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். நேரமும் இல்லைதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆறு மணி வாக்கில் வீட்டுக்கு வந்து, குளித்து, சோறு வடித்து, கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. செண்பகம் என்று நினைத்து எடுத்தேன்.

"நாந்தான்" என்றாள் உலகு.

தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா நான் என்ன தண்ணிக்குள்ளயா இருக்கேன்? அங்க என்னமோ வேலைக்குப் போறீகளாமே. செம்பகம் சொன்னா. நெசமா?"

"நெசந்தான்."

"என்ன வேலை?"

"ஒருத்தி பிரசவ லீவு. அவளுக்குப் பதிலா. காலையில கெளம்பி, வீடு வீடாப் போயி, வந்து சோறாக்கி, துவைச்சு, மறுபடியும் கெளம்பணும்."

"சம்பளம்?"

"கிடையாது."

"லீவு?"

"அதுவும் இல்ல. ஆறு மாசம்."

"நல்லாச் செய்றீகன்னு யாராவது சொல்லுதாங்களா?"

"இல்ல உலகு. குத்தம்தான் சொல்லுதா. இன்னைக்குத் தாளக் குடுக்கப் போனா, பேனாவ மூடலைன்னு ஒரு மணி நேரம் ஏசுனா."

அந்தப் பக்கம் மூக்கில் ஏதோ ஏறின மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன்.

சிரிக்கிறாள். மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். "செம்பகம், இங்க வாயேன்... சம்பளமும் இல்லையாம்... ஏசவும் செய்றாளாம்..." என்று சொல்ல முடியாமல் திரும்பத் திரும்பச் சிரிக்கிறாள். முப்பது வருடத்தில் இந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. முன்வரிசையில் முந்தானைக்குள் இருந்தது இது இல்லை.

அவள் சிரித்து முடிக்கிற வரைக்கும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அது பழக்கமில்லை.